ஜெபத்துக்குப் பின் இரண்டு மாத்திரை

தர்ஷினி என்ற பெயரோடு ஒரு பெண் எங்கள் மர்பி டவுனுக்கு வாழ வந்தால் கேலி செய்யாமல் விடுவோமா? பெங்களூரில் நின்றுகொண்டே இட்லி தின்கிற ஓட்டல் முக்குக்கு முக்கு இருக்கிறது. எல்லாமே ஏதோ ஒரு தர்ஷினிதான். கிளெமென்ட் அவளைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், இன்றைக்கு உங்கள் வீட்டில் செல்ஃப் சர்வீஸா, டோக்கன் எங்கே வாங்க வேண்டும் என்று தெருவே அவனை ஓட்டியது. அந்தப் பெண்ணும் கோபப்படாமல் சிரித்துக்கொள்வாள். இந்த செப்டம்பருக்குப் பிறகு யாரும் அவளை அப்படிக் கேலி செய்வதில்லை. அவள் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு தொடர்கிறார்கள்.

நான் அவர்களுக்குச் சுவர் ஒட்டிய வீடு. கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தித் தொண்டை போனவள். பெயர் ராஜலக்ஷ்மி என்பது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான், தெருவுக்கு டீச்சர். சுவர் ஒட்டிய வீடு என்றால் அந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் என்பதுகூட நமக்குத் தெரிந்துவிடும். அதனால் நடந்ததை நான் சொல்வதுதான் சரி. மற்றவர்கள் சொல்வதில் பாதி இட்டுக்கட்டியது.

மருமகள் டாக்டர் என்று கிளெமென்டின் அம்மா மௌரீன் சொன்னபோது தெருவுக்கே மனசு குளிர்ந்துபோனது. ராத்திரி காய்ச்சல் வந்தால் கதவைத் தட்டலாமே. ஆனால் இவள் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, அறுக்கிற டாக்டரும் இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் எம்.டி. முடித்து, அதற்கும் மேலே மூன்று வருஷம் டி.எம். என்று ஒரு படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். கிளினிக்கல் ஃபார்மகாலஜியாம். மருந்து மனுஷ உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் மருந்து, எவ்வளவு கொடுத்தால் விஷம், இன்னாருக்கு சிறுநீரகம் மந்தம் என்றால் அளவை எவ்வளவு குறைப்பது, அதுதான் படிப்பு. வார்டில் மற்ற டாக்டர்கள் சந்தேகம் கேட்டால் இவர்கள் போய்ச் சொல்ல வேண்டும். புது மருந்தை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கும்போது கூடவே இருந்து கவனிக்க வேண்டும். நாடு முழுக்கத் தேடினாலும் இந்தப் படிப்புக்குச் சொற்ப இடம்தான் என்றாள். எங்கள் தெருவுக்கு அது புரியவில்லை. மாத்திரை டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மௌரீனுக்கு என் வயது. புருஷன் போன பிறகு அல்சூரில் இருக்கிற ஒரு பெண்கள் பி.ஜி. ஹாஸ்டலுக்கு சப்பாத்தியும் குருமாவும் செய்து அனுப்பித்தான் மகனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள். அவன் இப்போது லிஃப்ட் மெக்கானிக். சம்பாதிக்கிறான், நீ கையை முடக்கிக்கொண்டு உட்கார் என்றால் கேட்கிற ஜாதி இல்லை மௌரீன். கொட்டிப் பிசைந்த கோதுமை மாவு, ஈரத்துணி, தேய்க்கிற கட்டை, இரண்டு தோசைக்கல். விடியற்காலை அந்தக் கட்டை உருள்கிற சத்தம் கேட்டுத்தான் நான் பல வருஷம் எழுந்திருக்கிறேன்.

போன கார்த்திகையில் அந்தச் சத்தம் நின்றது. முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கிச் சிவந்து, காலையில் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நாட்டுமருந்து எண்ணெய், ஒத்தடம் என்று நாங்கள் எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தோம். கடைசியில் தர்ஷினி தான் படிக்கிற ஆஸ்பத்திரியிலேயே மூட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கொடுத்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. அந்த நாளில் இரண்டு. அவ்வளவுதான்.

முதல் மாதம் மௌரீன் அதை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மருந்துக் கடைக்காரன் பெரிய மேதாவி மாதிரி, இது கேன்சருக்குக் கொடுக்கிற மருந்தாச்சே ஆன்ட்டி என்று சொல்லித் தொலைத்திருக்கிறான். அவ்வளவுதான், மாத்திரைப் பட்டையை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டாள். விரல் மறுபடி வீங்கியது. பயமுறுத்தினால் இவள் மருந்தைத் தொடமாட்டாள் என்று தர்ஷினிக்குப் புரிந்தது. அதனால் அவள் பயமுறுத்தாமல் சொல்ல ஒரு வழி பார்த்தாள். சமையலறையில் மாமியாருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் சொன்னது என் சுவருக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"நீங்க நாள எண்ணவே வேணாம் அத்தை. சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் போறீங்க இல்ல, அங்க ஜெபம் முடிஞ்சதும் ரெண்டு மாத்திரை முழுங்கிடுங்க. மாதாவே உங்களுக்கு ஞாபகப்படுத்துவாங்க."

மௌரீன் சிரித்தாள். குடியாத்தத்து இந்துப் பெண், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்த்து வளர்ந்த மருமகள், தன் மாதாவை மருந்துக்குக் காவல் வைக்கிறாளே என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. பட்டையைக் கைப்பையில் ஜெபமாலையோடு வைத்துக்கொண்டாள். சிவாஜிநகர் மாதா கோயிலில் சனிக்கிழமை ஜெபம், பிறகு இரண்டு மாத்திரை, பாட்டிலில் இருந்து ஒரு வாய் தண்ணீர். மூன்றே மாதத்தில் விரல் வடிந்தது. கட்டை மறுபடி உருண்டது. அதிகம் படிக்காத ஒரு நோயாளிக்கு வாரக்கணக்கை எப்படிப் புரியவைப்பது என்பது அவர்கள் படிப்பிலேயே பெரிய தலைவலியாம். இந்த யோசனையை அவளுடைய பேராசிரியர் கஸ்தூரிரங்கன் மெச்சிக்கொண்டார் என்று தர்ஷினி வெட்கத்தோடு சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வருகிற மற்றவர்களுக்கும் அவரவர் கோயில் நாளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் மாதா கோயிலில் கொடி ஏறியது. இந்த வருஷம் மழையும் கூடவே ஏறியது. சாக்கடை நிரம்பித் தெருவில் ஓடியது. கொசுப்புகை அடிக்கிற வண்டி ஒரு நாள் வந்து புகைவிட்டுப் போனது, கொசு இருமக்கூட இல்லை. தெருவில் வீட்டுக்கு ஒரு டெங்கு. மௌரீன் காவிப் புடவை கட்டி, கறி மீன் விட்டு, ஒன்பது நாளும் சிவாஜிநகர் போனாள். ஆஸ்டின் டவுனிலிருந்து அவளுடைய பள்ளிக்கூட சிநேகிதி பிரிஸில்லா வந்து பஸ் ஸ்டாப்பில் சேர்ந்துகொள்வாள். இரண்டு கிழவிகளும் ஒரே குடையில் நனைந்துகொண்டு திரும்புவதை நான் ஜன்னலில் பார்ப்பேன்.

சனிக்கிழமைதோறும் சொல்கிற அதே நவநாள் ஜெபத்தை, பண்டிகைக்கு முந்தின ஒன்பது நாளும் தினம் சொல்வார்கள். தர்ஷினிக்குக் கொடியேற்றம் தெரியும், காவிப் புடவை தெரியும், தேர் தெரியும். தினமும் அதே ஜெபம் உண்டு என்பது தெரியாது. கிளெமென்டுக்கு ஜெபம் தெரியும், மாத்திரை விவரம் தெரியாது. மௌரீனுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஜெபம் முடிந்ததும் இரண்டு மாத்திரை. ஒன்பது நாளும் முட்டி போட்டு எழுந்து, பையைத் திறந்து, பட்டையை உடைத்து, அதைத் தவறாமல் செய்தாள். ஒன்பது வாரத்து மருந்து ஒன்பது நாளில் அந்த மெலிந்த உடம்புக்குள் இறங்கியது. டிசம்பரில் கடைசிப் பரீட்சை என்று தர்ஷினி அந்த நாட்களில் இருட்டோடு போய் இருட்டோடு வந்துகொண்டிருந்தாள். மாமியாரின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டாள். பாவம், அவளைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

தேரன்று மௌரீன் பாயசம் கொண்டுவந்து கொடுத்தாள். நீ குடித்தாயா என்றேன். வாய் கொஞ்சம் வெந்திருக்கிறது, உபவாசச் சூடு என்றாள். இரண்டு நாள் கழித்து கட்டைச் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் படுத்திருக்கிறாள். பி.ஜி.க்காரர்கள் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். முழங்கையில் எங்கேயோ இடித்த மாதிரி நீலம், ஆனால் எங்கும் இடிக்கவில்லை என்றாள். சனிக்கிழமை காய்ச்சல் அடித்தது. முனையில் இருக்கிற லேபில் ரத்தம் கொடுத்து, தட்டணுக்கள் ரொம்பக் குறைச்சல் என்று கிளெமென்ட் வந்து சொன்னான். பிறகென்ன, டெங்குதான் என்று தெருவே தீர்ப்பெழுதியது. யாரோ பப்பாளி இலை கொண்டுவந்தார்கள். நானே இடித்துச் சாறு பிழிந்து கொடுத்தேன். அவள் ஒரு மிடறு விழுங்கிவிட்டுக் கண்ணீர் விட்டாள். கசப்புக்கு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி வீட்டில் இருந்தாள். நொய்க் கஞ்சி காய்ச்சி, ஆற்றி, ஸ்பூனில் எடுத்துக்கொண்டு போனாள். மௌரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயைத் திறங்கள் அத்தை என்று சொல்லி, இவள் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். உதட்டின் உள்பக்கம், நாக்கு, அண்ணம் எல்லாம் தோலுரிந்து வெள்ளைப் புண். அந்த வாய்க்குள்தான் நாங்கள் பப்பாளிச் சாறு ஊற்றியிருந்தோம்.

"டெங்குல வாய் இப்படி ஆகாது," என்றாள் தர்ஷினி, என்னிடம் இல்லை, தனக்குத்தானே. பிறகு குனிந்து கேட்டாள். "அத்தை, மூட்டு மாத்திரை எப்ப போட்டீங்க?"

மௌரீன் பேசக் கஷ்டப்பட்டாள். ஆனால் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. "ஒரு நாள்கூட விடலம்மா. ஒம்பது நாளும் ஜெபம் முடிச்சி, அங்கியே முழுங்கிட்டுதான் எழுந்தேன். நீ சொன்ன மாதிரியே."

தர்ஷினி கத்தவில்லை. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போவதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிளெமென்டைக் கூப்பிட்டு, வண்டி கொண்டுவா, இப்பவே என்றாள். வழி நெடுக அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஏதோ ஒரு முறிமருந்தின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனாளாம்.

அந்த மாத்திரை அளவோடு போனால் மூட்டை மட்டும் அடக்குமாம். அளவு மீறினால் எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்தையே காயப்போட்டுவிடும். வாய் வெந்துபோகும், ரத்தம் கசியும், சின்னக் காய்ச்சல்கூட ஆளைக் கொண்டுபோய்விடும். இதையெல்லாம் கிளெமென்ட் எனக்கு ஆஸ்பத்திரி வாசலில் சொன்னான். மௌரீனைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். முகமூடி இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. முறிமருந்து ஊசி வேளைக்கு வேளை ஏறியது. தர்ஷினி வாசல் பெஞ்சிலேயே கிடந்தாள், வீட்டுக்கு வரவில்லை. பேராசிரியர் வந்தார், ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் அவளை இன்னும் நொறுக்கியது என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில் இதே யோசனையை அவள் சொல்லிவைத்திருந்த நோயாளிகளுக்கெல்லாம் அன்றைக்கே போன் போனது. யாரும் அப்படிச் சாப்பிட்டிருக்கவில்லை. மௌரீன் கோயிலில் யாருக்காவது சொல்லியிருப்பாளோ என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளைக் கேட்டிருந்தாலும் பேசியிருக்க முடியாது. அந்த நாட்களில் எச்சில் விழுங்கவே அவளால் முடியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நான் போயிருந்தேன். காய்ச்சல் விட்டிருந்தது. ரத்தம் மெல்ல ஏற ஆரம்பித்திருக்கிறது, ஆனால் இன்னும் சொல்வதற்கில்லை என்றார்கள். மௌரீன் கண்ணைத் திறந்து தர்ஷினியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"பிரிஸில்லாவுக்கும் சொல்லிடும்மா," என்றாள். "அவளுக்கும் இதே மாத்திரதான். நான்தான் சொல்லிக் குடுத்தேன், என் மருமவ ஐடியான்னு. ஒம்பது நாளும் என் பாட்டில் தண்ணியிலதான் அவளும் முழுங்கினா."

கிளெமென்ட் சட்டென்று வெளியே போய்விட்டான். தர்ஷினி மாமியாரின் கையைத் தடவிக் கொடுத்து, இதோ போன் பண்றேன் அத்தை என்று சொல்லிவிட்டு அவன் பின்னால் போனாள். நானும் போனேன். மாடிப்படித் திருப்பத்தில் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பிரிஸில்லா ஆன்ட்டி செவ்வாக்கிழமையே போயிட்டாங்க," என்றான். "நேத்து அடக்கம். டெங்குன்னு சொன்னாங்க, நானும் அதுதான்னு நெனச்சேன். மம்மி இருக்கிற நெலமையில எப்படிச் சொல்றது? நீ வேற இங்க இப்படிக் கெடக்குற."

தர்ஷினி படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். நான் போய் ஆன்ட்டியின் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்றாள். கிளெமென்டுக்கு ஆத்திரம் வந்தது. பேஜார் பண்ணாதே என்றான். டெங்கு என்று எழுதிப் புதைத்தாகிவிட்டது. மைக்கேல்ராஜ் அங்கிள் ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். அதைப் போய்க் கிளறுவானேன்? டிசம்பரில் பரீட்சை, இத்தனை வருஷப் படிப்பு, நாளைக்கு யாராவது கேஸ் போட்டால் என்ன செய்வாய்? அவன் கேட்டதெல்லாம் நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. என் மகளாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"அவர் தேத்திக்கிட்டாரா?" என்று மட்டும் கேட்டாள் தர்ஷினி.

கிளெமென்ட் பொய் சொல்லத் தெரியாதவன். தலையைக் குனிந்துகொண்டான். "தண்ணி டிரம்ம ஒடச்சிட்டாரு. நான் மூடி வைக்கல, அதுலதான் கொசு வந்துச்சு, நான்தான் அவளக் கொன்னுட்டேன்னு அழுவுறாரு."

அதற்குமேல் அவளை யார் நிறுத்த முடியும்? கிளெமென்ட் வரவில்லை. நான்தான் கூடப் போனேன். ஆட்டோ பிடித்தோம். மழை இரண்டு பக்கமும் சாரல் அடித்து அவள் சுடிதார் நனைந்தது, நகரக்கூட இல்லை. ஆஸ்டின் டவுனில் அந்த வீட்டு வாசலில் நீல டிரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. மைக்கேல்ராஜ் பட்டாளத்து வொர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்து ரிடையர் ஆனவர், ஆஜானுபாகுவான மனிதர். அன்றைக்குப் பிரம்பு மோடாவில் சுருங்கி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முதலில் கேட்டது மௌரீன் எப்படி இருக்கிறாள் என்றுதான். பரவாயில்லை என்றேன் நான். ஸ்தோத்திரம் என்றார்.

பிறகு அவராகவே ஆரம்பித்தார். மூடி வை மூடி வை என்று அவள் எத்தனை தரம் சொன்னாள், நான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன், வெல்டிங் தெரிந்தவனுக்கு ஒரு மூடி செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். தர்ஷினி நாற்காலியில் உட்காரவில்லை. அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், அது டெங்கு இல்ல. கொசுவால இல்ல. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல," என்றாள். "அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான் போடணும். ஜெபம் முடிஞ்சதும் போடுங்கன்னு அத்தைக்கு நான் சொன்னேன். அத்தை ஆன்ட்டிக்குச் சொன்னாங்க. பண்டிகையில தினமும் ஜெபம் இருக்கும்னு எனக்குத் தெரியல. தினமும் போட்டா என்ன ஆகும்னு நான் அவங்களுக்குச் சொல்லவே இல்ல, பயந்துடுவாங்கன்னு. அதுலதான் ஆன்ட்டி போனாங்க. அத்தைக்கும் அதேதான்."

சொல்லி முடித்துவிட்டுத் தலைகுனிந்து இருந்தாள். அடிப்பார், கத்துவார், வெளியே போ என்பார் என்று நான் வாசலைப் பார்த்து வைத்துக்கொண்டேன். அவர் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அவள் சொன்னதை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"மௌரீன எப்படிப் பொழைக்க வெச்சீங்க?" என்று கேட்டார்.

"முறிமருந்து இருக்கு, அங்கிள். ஊசி. சீக்கிரம் குடுத்தா கேக்கும்."

"உனக்கு என்னைக்கும்மா தெரிஞ்சுது?"

தர்ஷினி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"ஞாயித்துக்கிழமை," என்றாள்.

மைக்கேல்ராஜ் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை.

"திங்கக்கிழமை அவ நல்லா பேசினாம்மா," என்றார். "வாய் எரியுதுன்னுக்கிட்டே ஒரு டம்ளர் கஞ்சி கேட்டு வாங்கிக் குடிச்சா."